பொறியறிந்த பெருமகனார்

தமிழில் 'பொறி' என்னும் சொல் பல பொருள் குறித்த ஒரு சொல்லாகும். நெருப்பினின்று தெறிக்கும் துகளும் பொறி. மனிதன் தன் அறிவால் ஆக்கிய இயந்திரமும் பொறி. உலகை அறிதற்கு உடம்பில் அமைந்த கண், காது முதலிய ஐந்தும் பொறிகளே. மோட்டார் வண்டியின் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பவர்க்கு இம்மூன்றும் ஓரிடத்தே கூடியிருத்தல் புலனாகும். இயந்திரமாகிய பொறி ஓட வேண்டுமாயின், அதனுள்ளே நெருப்புப் பொறி காலம் தவறாது தோன்றுதல் வேண்டும். அது தவறாது தோன்றுகின்றதா என அறிதற்கு மனிதனுடைய கண்ணும் காதும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இம்மூவகைப் பொறிகளின் இயல்பையும் தம் முயற்சியாலேயே கற்றறிந்த பெரியார் ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். ஆயினும் பொறியியல் கல்லூரி ஒன்று தோன்றக் காரணமாய் இருந்தார். பட்டம் ஒன்றும் பெற்றவர் அல்லர். ஆயினும் பட்டம் பெற்றோர் பலர் அவரிடம் தொழில் கற்றனர். அவரே கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு ஆவார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர்.

பிறப்பும் இளமையும்

நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடியில் தோன்றினார். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. இளமையிலேயே தாயை இழந்த அச்சிறுவருக்குப் பள்ளிக் கல்வியில் மனம் செல்லவில்லை. ஆசிரியரோடு பிணங்கிக் கொள்வதும், வகுப்பினின்று நழுவிச் செல்வதும் அவர் வழக்கமாயிருந்தன என்பர். ஆதலின் அவரது கல்வி தொடக்கப் பள்ளி அளவிலேயே நின்றுவிட்டது.

பள்ளியை வெறுத்தமையால் அவர் அறிவை வெறுத்தார் எனக் கருதுதல் ஆகாது. ஏட்டில் எழுதப்பட்டதை மனப்பாடம் செய்தற்கு இசையாத அவர் உள்ளம், கண்ணெதிரே இயங்கும் ஒரு பொருள் எதனால் இயங்குகின்றது என்பதை அறிய ஓயாது விழைந்தது. நீர் இறைக்கும் ஏற்றமும், வண்டிச் சக்கரமும், பூட்டும் சாவியும் அன்றைய சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் காணக்கூடிய பொறிகள். அவற்றினும் பெரியதொரு பொறி ஒருநாள் அவ்வூர்ப் பக்கம் வந்தது.

உள்ளம் கவர்ந்த ஊர்தி

ஆங்கில அதிகாரி ஒருவர் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். அது ரட்ஜ் என்னும் ஆங்கில நிறுவனம் செய்தது. மாடும் குதிரையும் பூட்டாமல், மிதிகட்டையை மிதியாமல், தானே ஓடும் அவ்வூர்தியைக் கண்ட இளைஞர் துரைசாமியின் உள்ளம் அதனிடமே தங்கிவிட்டது. பிறர் வியந்து பார்த்துவிட்டுத் தத்தம் வேலைக்குச் சென்றனர். அவரோ அதனைத் தமதாக்கிக் கொள்ள வேண்டும், அதனுள் இருப்பதைக் காண வேண்டும் என்று உறுதி பூண்டார்.

உறுதி கொண்டாரேயன்றிக் கையில் பொருள் இல்லை. ஆகவே ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்றார். அங்கே உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். உழவர் குடியில் பிறந்த இளைஞர் எச்சில் இலை எடுக்கும் இடத்தில் நின்று உழைப்பதை அக்காலத்தார் இழிவாகவே கருதியிருப்பர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பெற்ற ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். இறுதியில் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவுடன் அதன்மேல் ஏறி ஊர்வலம் வந்தார் என்று நாம் எண்ணலாம். அவர் செய்தது வேறு. அதனை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார். ஒவ்வொன்றன் வடிவையும் தொழிலையும் ஆராய்ந்தார். பின்னர் முன்போலவே பூட்டினார். ஆசிரியரும் இல்லை, நூலும் இல்லை, அப்பொறியே அவருக்கு ஆசிரியரும் நூலுமாயிற்று. அவ்வாறு கற்ற கல்வியால் அவர் பழுது பார்க்கும் தொழிலில் வல்லவரானார்.

பொறியின் உள்ளே ஒரு பொறி

அத்தகைய இயந்திரத்தைக் கழற்றுவோர் உள்ளே எதனைக் காண்பர் என்பதை மாணவர்களும் அறிந்து கொள்ளுதல் நன்று. பெட்ரோல் இயந்திரத்தில் உருளை ஒன்று உண்டு. அதனுள் பிஸ்டன் என்னும் உந்துகட்டை மேலும் கீழுமாய் இயங்கும். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உருளைக்குள் புகும். பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அழுத்தும். அவ்வேளையில் ஸ்பார்க் பிளக் என்னும் பொறிச் செருகியில் ஒரு தீப்பொறி தோன்றும். கலவை எரிந்து விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளும். அத்தள்ளுதலே சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாகும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பெட்ரோல் எவ்வளவு இருந்தாலும், பொறி இல்லையேல் பயன் இல்லை. பொறி தோன்றினும், உரிய காலத்தில் தோன்றவில்லையேல் பயன் இல்லை. முந்தித் தோன்றினால் மேலேறும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளி இயந்திரத்தைத் தட்டும். பிந்தித் தோன்றினால் ஆற்றல் வீணாகி இயந்திரம் சூடேறும். திருக்குறளில் 'காலமறிதல்' எனத் தனியே ஓர் அதிகாரம் அமைந்திருத்தலை மாணவர் அறிவர். மன்னர்க்கும் வினை செய்வார்க்கும் கூறிய அவ்வறம் இயந்திரத்திற்கும் பொருந்துவதாயிற்று.

மோட்டார் சைக்கிளில் உருளை ஒன்றேயாயின், பொறியும் ஓரிடத்திற்கே செல்ல வேண்டும். அக்காலத்து மோட்டார் சைக்கிள்களில் மாக்னெட்டோ என்னும் சிறு மின்னாக்கி அதனைச் செய்தது. பேருந்து, கார் ஆகியவற்றில் உருளைகள் நான்கு, ஆறு எனப் பலவாம். அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பட வேண்டும். ஆதலின் உயர் மின்னழுத்தத்தை இன்ன உருளைக்கு இன்ன நேரத்தில் எனப் பகிர்ந்து கொடுக்கும் கருவி ஒன்று வேண்டியதாயிற்று. அதனைத் தொழிலாளர் டிஸ்ட்ரிபியூட்டர் என வழங்குவர். நாம் அதனைப் பொறி பகிர்வான் எனக் கூறலாம். பந்தியில் பரிமாறுவோர் இலை தவறாமலும், முறை தவறாமலும், காலம் தவறாமலும் வட்டித்தல் போல்வது அதன் தொழில்.

பொறி பகிர்வானின் அமைப்பு

பொறி பகிர்வான் உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு கிண்ணம் போன்றது. அதன் நடுவே ஒரு தண்டு உண்டு. இயந்திரத்தின் முதன்மைத் தண்டு இருமுறை சுழலும்போது இத்தண்டு ஒருமுறை சுழலும். நான்கு உருளை இயந்திரமாயின், இத்தண்டில் நான்கு முனையுடைய ஒரு பகுதி இருக்கும். அம்முனைகள் பாயின்ட் எனப்படும் இரு தொடுமுனைகளை மாறிமாறித் திறக்கும், மூடும்.

தொடுமுனைகள் மூடியிருக்கும்போது மின்கலத்தின் மின்சாரம் காயில் என்னும் கம்பிச்சுருளில் பாய்ந்து, அதனைக் காந்தமாக்கும். தொடுமுனைகள் திறந்ததும் அம்மின்சாரம் திடீரென அறுபடும். காந்த ஆற்றல் மறையும். அந்நொடியில், காயிலின் உள்ளே ஆயிரக்கணக்கான சுற்றுகளாக அமைந்த மெல்லிய கம்பியில் ஏறத்தாழ 20,000 வோல்ட் வரையில் மின்னழுத்தம் எழும். 6 அல்லது 12 வோல்ட் மின்கலத்தினின்று இத்துணைப் பெரிய அழுத்தம் பிறத்தல் வியப்பன்றோ? அது பகிர்வானின் மூடிக்கு வந்து, ரோட்டார் என்னும் சுழல்கை வழியாக உரிய உருளையின் கம்பிக்குத் தாவிச் சென்று, பொறிச் செருகியில் பொறியாகத் தெறிக்கும். கண்டென்சர் என்னும் சிறு உறுப்பு, தொடுமுனைகளிலேயே பொறி தெறித்து அவை கருகாதபடி காக்கும்.

நான்கு உருளை இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுமாயின், பகிர்வான் நிமிடத்திற்கு 6,000 பொறிகளை, அஃதாவது நொடிக்கு 100 பொறிகளைப் பகிர்ந்தளிக்கும். விரைவு மிகும்போது பொறி சற்று முன்னதாகவே தோன்ற வேண்டும். அதன்பொருட்டுப் பகிர்வானுக்குள் சிறு எடைகள் இரண்டு, விற்சுருளால் பிணைக்கப்பட்டிருக்கும். தண்டு விரைந்து சுழலும்போது அவை வெளிநோக்கி விலகிப் பொறியின் காலத்தை முன்னே நகர்த்தும்.

மின்கலம், காயில், பகிர்வான் ஆகியவற்றை நம்பத்தக்க ஒரே அமைப்பாக இணைத்துக் கார்களில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்க நாட்டுச் சார்லஸ் கெட்டரிங் என்பவர். ஒகையோ மாநிலத்து உழவர் குடும்பத்தில் 1876-இல் பிறந்த அவர், கண்ணோயால் படிப்பு இடையிடையே தடைப்பட்டும் தளராது, 1904-இல் பொறியியற் பட்டம் பெற்றார். டேட்டன் நகரில் நண்பர் ஒருவர் வீட்டுக் கொட்டிலே அவரது ஆய்வுக் கூடமாயிற்று. அங்கே உருவான அமைப்பு 1910-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. கொட்டிலில் ஆய்ந்த அவரும், கழற்றிய மோட்டார் சைக்கிளிடையே அமர்ந்து கற்ற நம் நாயுடுவும் ஒரே காலத்தினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒரு பேருந்தும் பல பேருந்துகளும்

1920-ஆம் ஆண்டில் நாயுடு பேருந்து ஒன்றை வாங்கினார். கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவருடைய ஊக்கத்தைக் கண்டு துணைபுரிந்தார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்தை நாயுடுவே ஓட்டினார். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே.

இந்நாளில் சோளிங்கர் முதலிய ஊர்களின் பேருந்து நிலையங்களில் மாணவர்கள் காணும் பேருந்துகள் பெரும்பாலும் டீசலால் ஓடுபவை. டீசல் இயந்திரம் காற்றை மிக அழுத்தி அவ்வெப்பத்தாலேயே எண்ணெயை எரிப்பதாகலின், அதற்குப் பொறிச் செருகி வேண்டுவதில்லை. நாயுடு தொழில் தொடங்கிய காலத்துப் பேருந்துகள் பெட்ரோலால் ஓடியவை. பொறியமைப்பில் சிறு பழுது நேரினும் அவை நடுவழியில் நின்றுவிடும். பழனிக்குச் செல்லும் அடியாரும், சந்தைக்குச் செல்லும் உழவரும், மருத்துவரை நாடும் நோயாளரும் வெயிலில் காத்திருக்க நேரும். ஆதலின் ஒரு சிறு தொடுமுனையின் தூய்மை, ஓர் ஊர் மக்களின் நலத்தோடு தொடர்புடையதாயிற்று.

பொறி பகிர்வானில் நேரும் பழுதுகள் நுட்பமானவை. மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகி, மின்சாரம் அவ்வழியே கசியும். தொடுமுனைகள் தேய்ந்து ஒருபால் குழியும் மறுபால் மேடும் தோன்றும். அவற்றின் இடைவெளி பல வண்டிகளில் 0.4 மில்லிமீட்டர் அளவினதே. அது சிறிது கூடினும் குறையினும் பொறியின் காலம் மாறும். தண்டைத் தாங்கும் புதைகுழல் தேய்ந்துவிட்டால் தண்டு ஆடும்; தண்டு ஆடினால் இடைவெளி சுற்றுக்குச் சுற்று வேறுபடும். இத்தகைய வண்டியில் தொடுமுனைகளை எத்துணை முறை திருத்தினும் பயனில்லை. தேய்ந்த புதைகுழலையே மாற்ற வேண்டும். நோயின் முதலை நாடாது மருந்து கொடுத்தல் கூடாது என்னும் மருத்துவ முறை இங்கும் பொருந்தும்.

நாயுடு தொடங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே பல பேருந்துகளைக் கொண்டதாய் வளர்ந்தது. யு. எம். எஸ். என்னும் மூன்றெழுத்தும் கொங்கு நாடெங்கும் அறிமுகமாயின. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சென்று சேரும் என்னும் நற்பெயர் அதற்கு உண்டாயிற்று. காலந்தவறாமையை இயந்திரத்திடம் கற்ற பெருமகனார், அதனைத் தம் தொழிலாளரிடமும் எதிர்பார்த்தார், தாமும் கடைப்பிடித்தார்.

பழுது பார்ப்பவர் படைப்பவரானார்

பிறர் செய்த பொறியைப் பழுது பார்ப்பதோடு நாயுடுவின் உள்ளம் அமைதி அடையவில்லை. பொறிகள் யாவும் வெளிநாட்டினின்றே வந்து கொண்டிருந்த காலம் அது. ஓர் உறுப்புக் கெட்டால் அடுத்த கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்நிலை மாறவேண்டுமாயின், நாமே பொறிகளை ஆக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள தொழிற்சாலைகளைக் கண்டறிந்தார். 1936-இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே படம் பிடித்தார்.

1937-இல் கோயம்புத்தூர்ப் பீளமேட்டில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு, அவரது தொழிற்சாலையில் மின்மோட்டார் உருவாயிற்று. இந்தியாவிலேயே ஆக்கப்பெற்ற முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகின்றது. கிணற்று நீரை நம்பியே உழவு நடத்தும் கொங்கு நாட்டிற்கு அஃது எத்துணைப் பயன் தந்தது என்பதை, பின்னாளில் கோயம்புத்தூர் நீர் இறைக்கும் பம்புகளுக்குப் பெயர் பெற்ற நகராய் விளங்கியமையே காட்டும்.

உலர் மின்கலத்தால் இயங்கும் 'ரசாந்த்' என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, ஏமாற்ற இயலாத வாக்குப் பதிவுக் கருவி எனப் பலவற்றை அவர் ஆக்கினார். ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என 1941-இல் அறிவித்தார். பருத்தி, சோளம், பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வு நடத்திப் புதுமை கண்டார்.

பகிர்ந்து கொடுத்த கல்வி

1944-இல் நாயுடு தம் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பினின்று விலகினார். ஈட்டிய பொருளை ஆராய்ச்சி மாணவர்க்கும், தொழிலாளர் நலத்திற்கும் வழங்க முன்வந்தார். தொழிற்கல்வி பரவ வேண்டும் என்பது அவரது பெருவிருப்பம். அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழிற்பயிற்சிக் கல்லூரியும், 1945-இல் அப்பெயராலேயே பொறியியல் கல்லூரியும் தோன்றின. ஆர்தர் ஹோப் என்பவர் அக்காலத்துச் சென்னை மாகாண ஆளுநர். அப்பொறியியல் கல்லூரியே வேறிடத்திற்கு மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என விளங்குகின்றது. கல்லூரி இடம் மாறிய பின்னரும், அது முதலில் இருந்த பகுதியை மக்கள் ஹோப் காலேஜ் என்றே வழங்கி வருகின்றனர்.

கல்லூரி கண்டிராத நாயுடு அக்கல்லூரிக்கு முதல்வராகவும் பணியாற்றினார். பொறியியலைக் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டுவதில்லை, முறையாகப் பயிற்றினால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. கரும்பலகையில் காணும் படத்தினும், கையில் எடுத்துக் கழற்றிப் பூட்டும் பொறி விரைவில் அறிவு தரும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டவர் அன்றோ? அரசினர் அதற்கு இசையவில்லை. நாயுடு முதல்வர் பதவியைத் துறந்தார்.

இதில் இருபாலும் எண்ணிப் பார்த்தற்கு உரியது உண்டு. நாயுடுவைப் போன்ற கூர்த்த மதியினர் விரைவில் கற்பர். எல்லார்க்கும் அது கூடுமோ என ஐயுறுதல் இயல்பே. கணக்கும் இயற்பியலும் ஊன்றிக் கல்லாது, பாலமும் அணையும் கட்டுதல் ஆகாது. எனினும், கைத்தொழிற் பயிற்சியைக் கல்வியின் நடுவிடத்தில் வைக்க வேண்டும் என்னும் அவர் கருத்தில் உள்ள உண்மையை மறுத்தற்கு இல்லை.

தடைப்பட்ட கார்

1952-இல் நாயுடு இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு பெட்ரோல் கார் ஒன்றை ஆக்கினார். 2,000 ரூபாய் விலையில் அதனை மக்களுக்குக் கிடைக்கச் செய்யலாம் எனக் கணக்கிட்டார். நடுத்தரக் குடும்பத்தார் கார் வாங்குவதைக் கனவிலும் கருதாத காலம் அது. பெருந்தொழில்கள் அரசின் உரிமம் பெற்றே நடைபெற வேண்டும் என்னும் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டிருந்தது. நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஆகவே உற்பத்தி கைவிடப்பட்டது.

புதிதாக விடுதலை பெற்ற நாடு, தன்னிடமுள்ள சிறு முதலை எத்தொழிலில் இடுவது என ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது உண்மையே. ஆயினும், தம் நாட்டார் ஒருவர் தாமே வடித்த காருக்கு ஓடும் வாய்ப்புக் கிட்டாமற் போனமை வருந்தத்தக்கதே. பெட்ரோல் இருந்தது, இயந்திரமும் இருந்தது, தொடுமுனை மட்டும் கூடவில்லை.

அவர் காலத்திற்குப் பின்னும் முன்னும்

நாயுடு விரும்பியவாறு, வண்டி உறுப்புகளை நம் நாட்டிலேயே ஆக்கும் முயற்சி அவர் வாழ்நாளிலேயே வேறு சிலராலும் மேற்கொள்ளப்பட்டது. 1961-இல் ஆங்கில நாட்டு லூக்காஸ் நிறுவனமும் டி. வி. எஸ். குழுமமும் இணைந்து லூக்காஸ்-டி. வி. எஸ். என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த பாடியில் அதன் தொழிற்சாலை அமைந்தது. பொறி பகிர்வான் முதலிய மின் உறுப்புகள் தமிழ்நாட்டிலேயே உருவாயின. பின்னர்ச் சோளிங்கரிலும் வண்டிகளுக்கான இரும்பு உறுப்புகளை வார்க்கும் ஆலை எழுந்தது. தோல் தொழிலால் பெயர் பெற்ற வேலூர், ஆம்பூர்ப் பகுதிக்கு அண்மையில், மோட்டார்த் தொழிலும் இவ்வாறு கால் கொண்டது.

1967-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு தொழிற் பொருட்காட்சி நிறுவப்பட்டது. 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். 2015-இல் அவர் பெயரால் இயங்கும் அறநிலையத்தின் சார்பில் அந்நகரில் கார் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பல நாடுகளில் பல காலங்களில் செய்யப்பட்ட கார்கள் அங்கே செம்மை செய்யப்பெற்று நிற்கின்றன. 2025-இல் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அமைந்த 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பழங்காரைப் புதுக்குதல்

பழைய கார்களைப் பேணிக் காப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். எம். ஜி., டிரையம்ப் போன்ற ஆங்கில நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் லூக்காஸ் பொறி பகிர்வான்கள் அமைந்திருந்தன. அவற்றைப் புதுக்கும் தொழில் பொறுமையை வேண்டுவது. முதலில் பகிர்வானைக் கழற்றுமுன், சுழல்கை எத்திசை நோக்கி நிற்கின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மூடியை ஒளியிற் பிடித்து வெடிப்பு உளதா எனக் காண வேண்டும். தண்டின் ஆட்டம், எடைகளின் இயக்கம், விற்சுருளின் வலிமை ஆகியவற்றை ஆராய வேண்டும். எண்ணெயை ஓரிரு துளிகளே இட வேண்டும். மிகுந்தால் தொடுமுனைகளில் படிந்து பொறியைக் கெடுக்கும். எல்லாம் பூட்டிய பின்னர், இயந்திரத்தை ஓடவிட்டு, பொறியின் காலம் சரியா என விட்டுவிட்டு ஒளிரும் விளக்கால் சோதிக்க வேண்டும்.

சிலர் பகிர்வானின் வெளித்தோற்றத்தை மாற்றாமல், உள்ளிருக்கும் தொடுமுனைகளை மட்டும் நீக்கி, காந்தத்தை உணர்ந்து மின்சாரத்தை அறுக்கும் மின்னணுக் கருவியைப் பொருத்துகின்றனர். உராய்வு இன்மையால் அது தேய்வதில்லை. பொறியும் ஒருசீராய் எழும். ஆயினும் அங்கும் ஆராய்ச்சி வேண்டும். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அதனை அறியாது, எதிர்முனை இணைப்பிற்கெனச் செய்த கருவியைப் பொருத்தினால் அது நொடியில் கெட்டுவிடும். பழையதன் இயல்பை நன்கறிந்தவரே புதியதைப் பொருத்த வல்லார்.

இக்காலத்துப் புதிய கார்களில் பொறி பகிர்வான் இல்லை. ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிக் காயிலும், அவற்றை ஆளும் கணிப்பொறியும் வந்துவிட்டன. கருவி மறைந்தாலும் அது செய்த தொழில் மறையவில்லை. உரிய இடத்திற்கு உரிய காலத்தில் பொறியை அளித்தல் என்றும் வேண்டுவதே.

நாம் கொள்ளத்தக்கது

நாயுடுவின் வாழ்வினின்று மாணவர்கள் கொள்ளத்தக்கவை பல. பள்ளியை வெறுத்தமை அவற்றுள் ஒன்றன்று. பள்ளியில் கிட்டாததை அவர் பன்மடங்கு உழைப்பால் ஈடு செய்ய நேர்ந்தது. பின்னர்ப் பிறர்க்கு அது கிட்டுமாறு கல்லூரியே தோன்றச் செய்தார். ஒரு பொருளைப் பயன்படுத்துவதோடு அமையாது அதன் உள்ளமைப்பை அறிய வேண்டும் என்னும் வேட்கையே நாம் அவரிடம் கற்க வேண்டுவது. கழற்றினால் மட்டும் போதாது. முறையாகப் பூட்டவும் வேண்டும். பழுது பார்த்தால் மட்டும் போதாது; புதியதை ஆக்கவும் முயல வேண்டும்.

பொறி பகிர்வான் தான் பெற்ற ஆற்றலில் ஒன்றையும் தனக்கென வைத்துக் கொள்வதில்லை. வந்ததை வந்த கணத்திலேயே வேண்டுமிடத்திற்கு அளித்து விடுகின்றது. அதனாலேயே வண்டி ஓடுகின்றது. தாம் பெற்ற அறிவையும் பொருளையும் தொழிலாளர்க்கும் மாணவர்க்கும் பகிர்ந்தளித்த நாயுடுவின் வாழ்வும் அத்தகையதே. மாணவர்களும் தம் கண்ணையும் கையையும் அறிவையும் ஒருங்கே பயிற்றி, கற்றதைப் பிறர்க்கும் பகிர்ந்து, நாட்டிற்குப் பயன்பட வாழ்வார்களாக.